ரிச்சர்ட் பிரைட்

ரிச்சர்ட் பிரைட் (செப்டம்பர் 28, 1789 – டிசம்பர் 16, 1858) ஓர் ஆங்கிலேய மருத்துவர். சிறுநீரக நோய்களை ஆராயும் மருத்துவத் துறையான சிறுநீரகவியலின் தந்தை என இவர் கருதப்படுகிறார். இலண்டனில் உள்ள கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இவர், உடல் வீக்கம், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் வெளியேறுதல், சிறுநீரகத்தின் சிதைவு ஆகிய மூன்றும் ஒரே நோயின் வெவ்வேறு வெளிப்பாடுகள் என்பதை 1827 இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அதன் பின்னர் இந்நோய் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரைட்டின் நோய் என்றே அழைக்கப்பட்டது.

உடலுக்குள் மறைந்திருக்கும் சிறுநீரகத்தின் நிலையைச் சிறுநீரைச் சோதிப்பதன் மூலம் அறியலாம் என்பதே பிரைட்டின் பணியின் சாரம் ஆகும். நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே கண்டறிய ஆண்டுதோறும் செய்யப்படும் ஆல்புமின் சோதனை, இந்தக் கருத்தின் வழிவந்தது. அச்சோதனைக்கு அடித்தளமான ஆய்வுகளுள் முதன்மையானவை, பிரைட் பணிபுரிந்த அதே கைஸ் மருத்துவமனையில் 1960-களில் நடைபெற்றன.

இளமையும் கல்வியும்

பிரைட் இங்கிலாந்தின் துறைமுக நகரான பிரிஸ்டலில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரிச்சர்ட் பிரைட் என்பதே. தந்தை செல்வம் மிக்க வணிகரும் வங்கியாளரும் ஆவார். மேற்கிந்தியத் தீவுகளுடனான வணிகத்தில் இக்குடும்பம் தலைமுறைகளாக ஈடுபட்டிருந்தது. அறிவியலில் ஆர்வம் கொண்டிருந்த தந்தை, மகனின் கல்விக்குத் தடையின்றிப் பொருள் உதவினார்.

1808 இல் பிரைட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் மெய்யியல், கணிதம் முதலிய பாடங்களை டுகால்ட் ஸ்டூவர்ட், ஜான் பிளேஃபேர் ஆகிய புகழ்பெற்ற ஆசிரியர்களிடம் பயின்றார். 1809 இல் மருத்துவப் படிப்புக்கு மாறினார். பின்னர் இலண்டன் சென்று கைஸ் மருத்துவமனையில் சுமார் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றார். அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்தார். நோயால் இறந்தவரின் உடலைத் திறந்து உள்ளுறுப்புகளின் மாற்றங்களைக் கவனிக்கும் பழக்கம் இக்காலத்திலேயே இவரிடம் வேரூன்றியது. இயல்பாகவே நன்கு வரையும் திறன் பெற்றிருந்த இவர், தாம் கண்டவற்றைப் படங்களாகவும் பதிந்து வைத்தார்.

மீண்டும் எடின்பரோ சென்ற பிரைட், தோலில் பரவும் அக்கி வகை அழற்சி ஒன்றைப் பற்றி இலத்தீன் மொழியில் ஆய்வேடு எழுதி 1813 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் சிறிது காலம் பயின்றார்.

பயணங்கள்

மாணவராக இருந்தபோதே, 1810 இல், ஜார்ஜ் மெக்கன்சி தலைமையில் ஐஸ்லாந்து சென்ற ஆய்வுக் குழுவில் பிரைட் இடம் பெற்றார். பிற்காலத்தில் புகழ்பெற்ற மருத்துவரான ஹென்றி ஹாலண்டும் அக்குழுவில் இருந்தார். அடுத்த ஆண்டு மெக்கன்சி வெளியிட்ட பயண நூலில், ஐஸ்லாந்தின் தாவரங்கள், விலங்குகள் பற்றிய குறிப்புகளைப் பிரைட் எழுதினார்.

1814 இல் ஐரோப்பியப் பெருநிலத்தில் நீண்ட பயணத்தைத் தொடங்கினார். ஆலந்து, ஜெர்மனி வழியாக வியன்னாவை அடைந்தார். நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவின் எல்லைகளை வகுக்கும் மாநாடு அப்போது அங்கு நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அங்கேரிக்குச் சென்று பலாத்தோன் ஏரிப் பகுதியில் தங்கினார். அந்நாட்டின் உழவு முறை, மக்களின் வாழ்க்கை, ரோமானி மக்களின் மொழி ஆகியவற்றைக் குறிப்பெடுத்தார். 1815 இல் நாடு திரும்பும் வழியில், வாட்டர்லூ போர் முடிந்த சில நாட்களில் பிரசல்ஸ் நகரை அடைந்து, அங்குக் காயமுற்ற வீரர்களால் நிறைந்திருந்த மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். இப்பயணத்தைப் பற்றிய இவரது நூல் 1818 இல் வெளிவந்தது. அதிலுள்ள பல படங்கள் இவரே வரைந்தவை.

கைஸ் மருத்துவமனையில்

1816 இல் பிரைட் இலண்டனில் மருத்துவராகப் பணியாற்றும் உரிமம் பெற்றார். இலண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் துணை மருத்துவராகச் சேர்ந்த இவரை அங்கு பரவிய காய்ச்சலே தாக்கியது. உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்து மீண்டு வந்தார். 1820 இல் கைஸ் மருத்துவமனையில் துணை மருத்துவராகவும், 1824 இல் முழுநிலை மருத்துவராகவும் அமர்த்தப்பட்டார். 1821 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு செய்யப்பட்டார்.

தாமஸ் கை என்பவரின் கொடையால் 18 ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கைஸ் மருத்துவமனை, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஏழை மக்கள் மிகுந்த பகுதியில் அமைந்தது. பிரைட்டின் காலத்தில் தாமஸ் அடிசன், தாமஸ் ஹாட்ஜ்கின் ஆகியோரும் அங்குப் பணியாற்றினர். மூவரின் பெயராலும் நோய்கள் வழங்கப்படுகின்றன. ஒரே மருத்துவமனையில் ஒரே காலத்தில் இவ்வாறு மூவர் இருந்தது மருத்துவ வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

பிரைட் நாள்தோறும் பல மணி நேரத்தை நோயாளிகளின் படுக்கையருகிலும் பிணக்கூறாய்வு அறையிலும் செலவிட்டார். உயிருடன் இருந்தபோது நோயாளியிடம் கண்ட அறிகுறிகளையும், இறந்தபின் உறுப்புகளில் கண்ட மாற்றங்களையும் இணைத்துப் பதிவு செய்வதே இவரது முறையாக இருந்தது.

பிரைட்டுக்கு முன் இருந்த நிலை

உடல் முழுவதும் நீர் கோத்து வீங்குவது அக்காலத்தில் தனி நோயாகவே எண்ணப்பட்டது. கண்ணிமைகளும் கால்களும் வீங்கி, வயிற்றில் நீர் சேர்ந்து, மூச்சுத் திணறி நோயாளி இறப்பது வழக்கம். கல்லீரல் கெட்டாலும், இதயம் தளர்ந்தாலும் இவ்வாறு வீக்கம் ஏற்படும் என்பதால், அதன் மூலம் எது என்று பிரித்தறிவது கடினமாக இருந்தது.

இத்தாலிய மருத்துவர் தொமேனிக்கோ கொத்துன்யோ, வீக்கம் கண்ட ஒரு நோயாளியின் சிறுநீரைச் சூடாக்கியபோது அது முட்டையின் வெண்கரு போல உறைவதை 18 ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார். இங்கிலாந்தில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், ஜான் பிளாக்கல் ஆகியோரும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பற்றி எழுதினர். ஆனால் இவ்வாறு புரதம் வெளியேறுவதற்குச் சிறுநீரகத்தில் உள்ள நோயே காரணம் என்ற முடிவை இவர்கள் எவரும் உறுதியாக எட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர் பிரைட்.

1827 ஆம் ஆண்டு நூல்

பிரைட் கையாண்ட சோதனை மிக எளியது. நோயாளியின் சிறுநீரைச் சிறிதளவு ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். ஆல்புமின் இருந்தால் சிறுநீர் கொதிநிலையை நெருங்கும்போது கலங்கி, வெண்மையான திரளாக உறையும். இல்லாவிடில் தெளிவாகவே இருக்கும். வெப்பத்தில் புரதம் தன் வடிவை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே இம்மாற்றத்துக்குக் காரணம். முட்டையை வேகவைக்கும்போது வெண்கரு கெட்டியாவதும் இதே முறையில்தான்.

வீங்கிய உடலுடன் வந்து, சிறுநீரில் ஆல்புமின் காணப்பட்ட நோயாளிகள் இறந்தபோது பிரைட் அவர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்தார். அவை இயல்புக்கு மாறாக இருந்தன. சில வெளிறி மென்மையாகவும், சில மேற்பரப்பு முழுவதும் மணிமணியாகவும், சில சுருங்கிக் கடினமாகவும் காணப்பட்டன. வீக்கம் இருந்தும் சிறுநீரில் ஆல்புமின் இல்லாதவர்களிடம் பெரும்பாலும் கல்லீரலோ இதயமோ கெட்டிருந்தது. இவ்வாறு ஒரு கரண்டிச் சிறுநீர், மூன்று உறுப்புகளுள் எது நோயுற்றது என்பதைப் பிரித்தறிய உதவியது.

இம்முடிவுகள் 1827 இல் வெளிவந்த அவரது மருத்துவ நோயாளர் அறிக்கைகள் என்னும் நூலின் முதல் தொகுதியில் இடம் பெற்றன. அதில் உறுப்புகளின் நிறமாற்றங்களைக் காட்டும் வண்ணப்படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. ஓவியர் ஃபிரெடெரிக் ரிச்சர்ட் சே இவற்றுள் பலவற்றை வரைந்தார். நரம்பு மண்டல நோய்களைப் பற்றிய இரண்டாம் தொகுதி 1831 இல் வெளிவந்தது.

இந்த ஆய்வில் வேதியியலார் ஜான் பாஸ்டாக் பிரைட்டுக்குத் துணை நின்றார். நோயாளிகளின் சிறுநீரில் ஆல்புமின் மிகும்போது அவர்களின் இரத்தத்தில் அது குறைவதையும், சிறுநீரில் யூரியா குறைவதையும் பாஸ்டாக்கின் பகுப்பாய்வு காட்டியது. உடலுக்குத் தேவையான புரதம் வெளியேறுகிறது, வெளியேற வேண்டிய கழிவு உள்ளே தங்குகிறது என்னும் இரட்டைக் கேடு இதனால் தெளிவாயிற்று. எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசன் தமது சொந்த ஆய்வுகளால் பிரைட்டின் கருத்துக்கு வலுச் சேர்த்தார்.

1836 ஆம் ஆண்டு ஆய்வு

கைஸ் மருத்துவமனை அறிக்கைகள் என்னும் இதழ் 1836 இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் தொகுதியில் ஆல்புமின் கலந்த சிறுநீருடன் கூடிய சிறுநீரக நோய் பற்றிப் பிரைட் விரிவாக எழுதினார். நூறு நோயாளிகளின் விவரங்களை அட்டவணையாக்கி அவர் வெளியிட்டார். தனித்தனி நோயாளிகளின் கதைகளிலிருந்து பொதுவான முடிவுகளை நோக்கிச் செல்லும் இந்த முறை அக்காலத்தில் புதியது.

அந்த அட்டவணையில் வேறொரு செய்தியும் புலப்பட்டது. சிறுநீரகம் கெட்டவர்கள் பலரிடம் இதயத்தின் இடக்கீழறை தடித்துப் பெருத்திருந்தது. அவர்களுள் பலரின் இதய வால்வுகளில் எந்தக் குறையும் இல்லை. இரத்தத்தின் தன்மை மாறுவதால் நுண்ணிய குருதிக்குழாய்களில் தடை ஏற்பட்டு, அதை எதிர்த்து இதயம் கூடுதலாக உழைக்க நேர்ந்திருக்கலாம் எனப் பிரைட் கருதினார். கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி 1896 இல்தான் வந்தது. அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, சிறுநீரக நோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவைப் பிரைட் நெருங்கியிருந்தார்.

சிறுநீரக நோயாளிகளுக்கான தனிக் கூடம்

1840-களின் தொடக்கத்தில், கைஸ் மருத்துவமனையில் 42 படுக்கைகள் கொண்ட இரண்டு கூடங்கள் ஆறு மாத காலத்துக்குச் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே பிரைட்டிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுடன் ஒரு சிறிய ஆய்வகமும் இணைக்கப்பட்டது. ஜார்ஜ் ஹிலாரோ பார்லோ, வேதியியலில் தேர்ந்த ஜார்ஜ் ஓவன் ரீஸ் ஆகியோர் பிரைட்டுடன் பணியாற்றினர். ஒரே நோயைக் கொண்டவர்களை ஓரிடத்தில் சேர்த்து, ஆய்வகத்தின் துணையுடன் நாள்தோறும் கண்காணித்த தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானது. இதன் முடிவுகள் 1843 இல் வெளியிடப்பட்டன.

பிற பங்களிப்புகள்

பிரைட் சிறுநீரகத்தோடு நின்றுவிடவில்லை. கணையம், முன்சிறுகுடல் ஆகியவற்றின் நோய்களைப் பற்றி 1833 இல் கட்டுரை வெளியிட்டார். கணையம் கெட்டவர்களின் மலத்தில் கொழுப்பு மிகுந்து வெளியேறுவதை அதில் விளக்கினார். அந்நோயாளிகளுள் ஒருவரிடம் நீரிழிவின் அறிகுறிகளும் இருந்தன. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது 1889 இல், ஜெர்மனியில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபொன் மேரிங் ஆகியோரால் ஆகும்.

கல்லீரல் விரைந்து சிதையும் நோய், உடலின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பு ஆகியவற்றைப் பற்றியும் பிரைட் எழுதினார். தாமஸ் அடிசனுடன் இணைந்து ஒரு மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். 1837 இல் விக்டோரியா அரியணை ஏறியபோது அரசியின் சிறப்பு மருத்துவர்களுள் ஒருவராக அமர்த்தப்பட்டார். பிரான்சு நாட்டு அறிவியல் கழகம் இவரது சிறுநீரக ஆய்வுக்காகப் பரிசளித்தது.

தனி வாழ்க்கையும் இறுதிக் காலமும்

பிரைட் 1822 இல் கைஸ் மருத்துவமனையின் மூத்த மருத்துவர் வில்லியம் பாபிங்டனின் மகள் மார்த்தாவை மணந்தார். மகப்பேற்றுக்குப் பின் மார்த்தா 1823 இல் இறந்தார். 1826 இல் எலைசா ஃபாலெட் என்பவரை மணந்தார். இவர்களின் மகன் ஜேம்ஸ் ஃபிராங்க் பிரைட் வரலாற்றாசிரியராகவும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கினார்.

1840-களில் மருத்துவமனைப் பணியிலிருந்து விலகிய பிரைட், தனிப்பட்ட முறையில் மருத்துவம் பார்ப்பதைத் தொடர்ந்தார். இதயத்தின் பெருந்தமனி வால்வு நோயால் 1858 டிசம்பர் 16 அன்று இலண்டன் சாவில் தெருவில் இருந்த தமது இல்லத்தில் காலமானார். இவரது உடல் கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பிரைட்டின் நோய் என்னும் பெயர்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரைட்டின் நோய் என்பது மருத்துவர்கள் மட்டுமின்றிப் பொதுமக்களும் அறிந்த சொல்லாயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த செஸ்டர் ஆர்தர் இந்நோயால் 1886 இல் இறந்தார். அதே ஆண்டில் இறந்த அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் இறப்புச் சான்றிலும் இதுவே காரணமாகக் குறிக்கப்பட்டது.

நுண்ணோக்கி ஆய்வுகள் வளர்ந்தபோது, பிரைட் கண்டது ஒரு நோய் அன்று, பல நோய்களின் தொகுதி என்பது விளங்கிற்று. தொற்றுக்குப் பின் வரும் சிறுநீரக அழற்சி, உயர் இரத்த அழுத்தத்தால் வரும் சிதைவு, நீரிழிவால் வரும் சிதைவு எனப் பலவும் அப்பெயருக்குள் அடங்கியிருந்தன. ஆகவே அப்பெயர் படிப்படியாக வழக்கொழிந்தது.

பிரைட்டின் சோதனைக்கு ஒரு பெரிய வரம்பு இருந்தது. கரண்டியில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆல்புமின் உறைய வேண்டுமானால், சிறுநீரகம் ஏற்கனவே பெரிதும் பழுதுற்றிருக்க வேண்டும். நோயைச் சரியாக அடையாளம் கண்ட பின்னும் பிரைட்டால் பெரும்பாலானோரைக் காப்பாற்ற இயலவில்லை. இரத்தம் வடித்தல், பேதி மருந்து, வெந்நீர்க் குளியல், உணவுக் கட்டுப்பாடு ஆகியவையே அக்கால மருத்துவத்திடம் இருந்தன. சோதனையின் கூர்மையும் மருந்துகளும் ஒருசேர வளர்ந்த பிறகே அவரது கண்டறிதல் நோயாளிகளுக்கு முழுப் பயன் அளித்தது. இது மிகத் தெளிவாக வெளிப்பட்டது நீரிழிவு நோயில் ஆகும்.

நீரிழிவும் ஆல்புமினும்

1921 இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்படும் வரை, இளம் வயதில் நீரிழிவு கண்டவர்கள் சில ஆண்டுகளிலேயே இறந்தனர். இன்சுலின் அவர்களின் வாழ்நாளை நீட்டித்தது. அதன் பின்னரே நீண்டகாலப் பாதிப்புகள் பெருமளவில் வெளிப்பட்டன. 1936 இல் பால் கிம்மல்ஸ்டீல், கிளிஃபோர்ட் வில்சன் ஆகியோர் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரகங்களில் தனித்தன்மை வாய்ந்த முடிச்சு போன்ற மாற்றங்களை விவரித்தனர். பிரைட்டின் நூறு நோயாளர் அட்டவணை வெளிவந்து அப்போது சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. ஒவ்வோர் அலகின் தலைப்பிலும் குளோமருலஸ் எனப்படும் நுண்குருதிக்குழாய் முடிச்சு உள்ளது. நலமான நிலையில் இது நீரையும் சிறு மூலக்கூறுகளையும் வடியவிட்டு, ஆல்புமின் போன்ற பெரிய மூலக்கூறுகளை இரத்தத்திலேயே நிறுத்திக்கொள்ளும். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், இந்த முடிச்சுக்குள் அழுத்தம் கூடுகிறது. அதன் அடிச்சவ்வு தடிக்கிறது. சவ்வைத் தாங்கும் செல்கள் சிதைகின்றன. அப்போது ஆல்புமின் முதலில் மிகச் சிறிய அளவில் கசியத் தொடங்குகிறது. இந்நிலையில் நோயாளிக்கு வலியோ வீக்கமோ இருப்பதில்லை. பொதுவாகச் சிறுநீர் கழிப்பதிலும் மாற்றம் தெரிவதில்லை.

இச்சிறு கசிவைச் சூடாக்கும் சோதனையோ சாதாரணச் சோதனைப் பட்டையோ நம்பத்தக்க வகையில் காட்டாது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் இன்சுலினை அளப்பதற்காகக் கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறையை உருவாக்கினர். அதே கொள்கையைப் பயன்படுத்தி, சிறுநீரில் உள்ள மிகக் குறைந்த ஆல்புமினை அளக்கும் முறையைக் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீன், கிளூவெராக்கிஸ் ஆகியோர் 1963 இல் வெளியிட்டனர். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரில் நடந்த நீரிழிவுக் கணக்கெடுப்பில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் இம்முறை பயன்படுத்தப்பட்டது. சாதாரணச் சோதனையில் புரதம் தென்படாதவர்களிடமும் ஆல்புமின் இயல்பைவிட மிகுந்திருப்பது அப்போது தெரியவந்தது.

இந்தச் சிறு கசிவு பின்னாளில் சிறுநீரகம் கெடப்போவதற்கு முன்னறிவிப்பா என்பதே அடுத்த கேள்வி. கைஸ் மருத்துவமனையின் ஜான்கார்லோ விபெர்ட்டி குழுவினர் 1982 இல் இதற்கு விடையளித்தனர். 1960-களில் ஆல்புமின் அளவு பதிவு செய்யப்பட்ட, இன்சுலின் சார்ந்த 63 நோயாளிகளைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் ஆராய்ந்தனர். தொடக்கத்தில் கசிவு மிகுந்திருந்த 8 பேரில் 7 பேருக்கு வெளிப்படையான சிறுநீரக நோய் வந்திருந்தது. கசிவு குறைவாக இருந்த 55 பேரில் 2 பேருக்கே அது வந்திருந்தது. நடுவயதில் தொடங்கும் நீரிழிவிலும் இக்கசிவு தீய விளைவுகளை முன்னறிவிக்கிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் எரிக் மோகன்சன் 1984 இல் காட்டினார்.

இன்றைய சோதனை

சிறுநீரில் ஒரு நாளில் வெளியேறும் ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. 30 முதல் 300 மில்லிகிராம் வரை இருப்பது நுண் ஆல்புமின் கசிவு என நெடுங்காலம் அழைக்கப்பட்டது. 2012 இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் இதை மிதமாகக் கூடிய கசிவு என அழைக்கப் பரிந்துரைத்தன. நுண் என்ற முன்னொட்டு, பாதிப்பு அற்பமானது என்ற தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்பது இம்மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்று. 300 மில்லிகிராமைத் தாண்டுவது கடுமையான கசிவாகும்.

24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பது நோயாளிக்குச் சிரமம் தருவதால், ஒரு வேளைச் சிறுநீரிலேயே ஆல்புமினையும் கிரியேட்டினினையும் அளந்து விகிதம் காண்பது வழக்கமாகியுள்ளது. நீர் அதிகம் பருகினால் சிறுநீர் நீர்த்துப்போகும். குறைவாகப் பருகினால் செறிவடையும். கிரியேட்டினின் ஏறத்தாழச் சீரான அளவில் வெளியேறுவதால், அதனுடன் ஒப்பிடும்போது இவ்வேறுபாடு சரிசெய்யப்படுகிறது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமின் என்பது எல்லையாகக் கொள்ளப்படுகிறது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் இதற்கு ஏற்றது.

இரண்டாம் வகை நீரிழிவு பல ஆண்டுகள் அறியப்படாமலே இருந்திருக்கலாம் என்பதால், அவ்வகை நோயாளிகளுக்கு நோய் கண்டறியப்பட்ட உடனேயே இச்சோதனை செய்யப்படுகிறது. முதல் வகை நீரிழிவில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கப்படுகிறது. பின்னர் இரு வகையினருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த்தொற்று, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் ஆகியவை தற்காலிகமாக அளவை உயர்த்தக்கூடும். எனவே ஒரே முடிவைக் கொண்டு தீர்மானிக்காமல், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கப்படும் மூன்று சோதனைகளில் இரண்டிலாவது அளவு மிகுந்திருந்தால் மட்டுமே பாதிப்பு உறுதி செய்யப்படுகிறது.

ஆல்புமின் கசியாமலே சிறுநீரகத் திறன் குறையும் நீரிழிவு நோயாளிகளும் உள்ளனர். ஆகவே இரத்தத்தில் உள்ள கிரியேட்டினினைக் கொண்டு வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சோதனையும் உடன் செய்யப்படுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

பிரைட்டின் காலத்தில் இல்லாத மருந்துகள் பின்னர் கிடைத்தன. சிறுநீரில் புரதம் வெளியேறிய முதல் வகை நீரிழிவு நோயாளிகளிடம் கேப்டோப்ரில் மருந்து, இறப்பு, டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றின் ஒருங்கிணைந்த வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 1993 இல் வெளியான ஆய்வு காட்டியது. 2001 இல் லோசார்ட்டன், இர்பெசார்ட்டன் ஆகியவை இரண்டாம் வகை நீரிழிவில் பயனளிப்பது நிறுவப்பட்டது. 2019 இல் கனாகிளிஃப்ளோசின் மருந்தும் சிறுநீரகச் சிதைவின் வேகத்தைக் குறைப்பது தெரியவந்தது. இவற்றுடன் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தால், கசிவு குறைந்து இயல்பு நிலைக்குத் திரும்புவதும் உண்டு. முற்றிய நிலையில் கண்டறிந்தால் இந்த வாய்ப்பு பெரிதும் குறைகிறது.

மதிப்பீடு

சிறுநீரில் ஆல்புமினை முதலில் கண்டவர் பிரைட் அல்லர். சிறுநீரகம் சிதைந்திருப்பதைப் பிணக்கூறாய்வில் முதலில் பார்த்தவரும் அவர் அல்லர். படுக்கையில் இருந்த நோயாளியின் வீக்கத்தையும், கரண்டியில் உறைந்த சிறுநீரையும், இறந்தபின் கண்ட சிறுநீரகத்தையும் பல நோயாளிகளிடம் பொறுமையாக இணைத்துப் பார்த்து, அவற்றிடையே உள்ள தொடர்பை மெய்ப்பித்ததே அவரது தனிச்சிறப்பு. அவரது சோதனை பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே எச்சரித்தது. அதே ஆல்புமினைப் பன்மடங்கு நுட்பமாக அளக்கும் இன்றைய சோதனை, அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கிறது.

இலண்டன் பிக்காடிலியில் உள்ள புனித ஜேம்ஸ் தேவாலயத்தில் பிரைட்டின் நினைவுச் சின்னம் உள்ளது.